இடிமேக அட்டைகள்: மண்டபம் கரையில் ஓராண்டு பயன்படுத்திப் பார்த்தபின்

இராமநாதபுரம் நகரில் பள்ளிப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில், 2024 ஏப்ரல் மாதம், இடி மின்னலையும், மேகத்திலிருந்து தரைவரை இறங்கும் சுழல்காற்றான டொர்னேடோவையும் உண்டாக்கும் மேகங்களை அடையாளம் காட்டும் ஓர் அட்டைத் தொகுப்பை 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மொத்தம் பன்னிரண்டு அட்டைகள். முன்பக்கம் வண்ணப்படமும் பின்பக்கம் தமிழில் விளக்கமும் அச்சிட்டு, இரு பக்கமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, ஒரு மூலையில் துளையிட்டு இரும்பு வளையத்தில் கோத்திருக்கிறார்கள். நான் மண்டபம் என்ற கடலோர ஊரை அடுத்த ஓர் ஊரில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். என் தம்பி வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், வத்தை என்னும் மீன்பிடிப் படகு வைத்துத் தொழில் செய்கிறான். ஆகவே வகுப்புக்கு ஒன்று, வத்தைக்கு ஒன்று என இரண்டு தொகுப்புகளை எடுத்துக்கொண்டு, அடுத்த ஏப்ரல் வரை இரண்டு இடங்களிலும் அவை எந்த அளவுக்குக் கைகொடுக்கின்றன என்று குறித்து வந்தேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வாங்கலாம் என்பதே. ஆனால் பதினோராவது அட்டையில் உள்ள ஓர் எண்ணை அன்றைக்கே அடித்துத் திருத்திவிட்டுத்தான் பிறர் கையில் கொடுக்க வேண்டும். மின்னலைக் கண்டதிலிருந்து இடியைக் கேட்கும்வரை எண்ணும் ஒவ்வொரு நொடியும் ஒரு கிலோமீட்டர் தொலைவைக் குறிக்கும் என்று அதில் அச்சாகியிருக்கிறது. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பதே சரியான கணக்கு. அட்டையை நம்பி ஒன்பது நொடி எண்ணியவர் மின்னல் 9 கி.மீ. தள்ளி விழுந்ததாக நினைப்பார். உண்மையில் அது 3 கி.மீ. தொலைவில் விழுந்திருக்கும். அதே அட்டையின் அடுத்த வரியிலேயே, முப்பது நொடிக்குள் இடி கேட்டால் உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும் என்ற விதி சரியாகத் தரப்பட்டிருக்கிறது. முப்பது நொடி என்பது 10 கி.மீ. ஆகும் என்பதை யோசித்திருந்தால், மேல் வரியின் பிழை அச்சுக்கு முன்பே கண்ணில் பட்டிருக்கும். வெளியீட்டாளருக்கு எழுதினேன்; அடுத்த அச்சில் திருத்துவதாகப் பதில் வந்தது. அதற்குள் விற்றுப்போன தொகுப்புகளை வாங்கியவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்பதே நான் இதை எழுதுவதற்கு முதல் காரணம்.

இனி நல்லவற்றைச் சொல்கிறேன். முதல் நான்கு அட்டைகள் ஒரே மேகத்தின் வளர்ச்சியைக் காட்டுகின்றன, அவற்றுக்காகவே இந்தத் தொகுப்பு மதிப்புக்குரியது. முதலில், வானில் பஞ்சுப் பொதிபோல் மிதக்கும் திரள்மேகம். அடுத்து, உயரம் அகலத்தை மிஞ்சி, காலிபிளவர் போன்ற மொட்டுகளோடு மேலெழும் கோபுரத் திரள்மேகம். மூன்றாவதாக, உச்சியின் கூர்மை மழுங்கி வழவழப்பாகத் தொடங்கும் கார்திரள்மேகம், அதாவது குமுலோநிம்பஸ். நான்காவதாக, அதே கார்திரள்மேகம் தலை விரிந்து, நார்நாராகப் பரவிய நிலை. நான்கு படங்களும் ஒரே இடத்திலிருந்து, ஒரே மாலையில், சற்று இடைவெளி விட்டு எடுக்கப்பட்டவை. பாடநூலில் மேக வகைகளைத் தனித்தனிப் பெயர்களாக மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, இவை வெவ்வேறு மேகங்கள் அல்ல, ஒரு மேகத்தின் பருவங்கள் என்று புரிந்தது இந்த அட்டைகளால்தான்.

மூன்றாவது அட்டையின் பின்பக்க விளக்கம் நான் தமிழில் படித்தவற்றுள் தெளிவான ஒன்று. மேகத்தின் விளிம்பு கத்தரித்தாற்போல் கூர்மையாக இருக்கும்வரை அதன் உச்சியில் பெரும்பாலும் நீர்த்துளிகளே இருக்கின்றன. விளிம்பு மங்கிப் புகைபோல் ஆகும்போது அங்கே பனிப்படிகங்கள் உருவாகிவிட்டன என்று பொருள். நம் வெப்பமண்டலத்தில் உறைநிலை ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல், சிறிய பனிப்படிகங்களும் மென்மையான பனி உருண்டைகளும் மேலெழும் காற்றில் ஒன்றோடொன்று மோதும்போது மின்னேற்றம் பிரிகிறது. இலேசான படிகங்கள் நேர்மின்னேற்றத்தோடு உச்சிக்குப் போகின்றன, கனத்த உருண்டைகள் எதிர்மின்னேற்றத்தோடு நடுவிலும் கீழ்ப்பகுதியிலும் தங்குகின்றன. மின்னலுக்கான முதலீடு இதுதான். ஆகவே உச்சி மங்கத் தொடங்கியதைப் பார்த்தவர், முதல் இடி கேட்பதற்கு முன்பே எச்சரிக்கையாகிவிடலாம். இதைப் படித்தபின் என் வகுப்புப் பிள்ளைகள் மாலை இடைவேளையில் மேற்கு வானத்தைப் பார்த்து, “இன்னும் கூராத்தான் இருக்கு டீச்சர்”, “இப்ப மங்கிருச்சு டீச்சர்” என்று வந்து சொல்லத் தொடங்கினார்கள்.

நான்காவது அட்டையில் விரிந்த தலையைக் கொல்லனின் பட்டடைக்கு ஒப்பிட்டிருக்கிறார்கள். உலகெங்கும் வழங்கும் ஒப்புமைதான் அது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பட்டடையைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒரு சிறுமி படத்தைக் கையில் வாங்கியதும், “உடை மரம் மாதிரி இருக்கு டீச்சர்” என்றாள். இந்தக் கரையோரத்து மணலில் நெடுகக் குடை விரித்து நிற்கும் உடை மரத்தின் தட்டையான தலையும் மெலிந்த அடியும் அந்த மேகத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் அது உடைமர மேகம்தான்.

சிக்கல் இந்த நான்காவது அட்டையில்தான் தொடங்குகிறது. தலை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் மேகம் வருகிறது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். படங்கள் எடுக்கப்பட்ட நாட்டில், அடியிலிருந்து உச்சிவரை காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தே வீசுவதால், அங்கே அது பல நாள்களில் சரியாக இருக்கலாம். நம் கரையில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே கச்சான் மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும்போது, 14, 15 கி.மீ. உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு பெருங்காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. கீழைத் தாரைக்காற்று என்று வானிலையாளர்கள் சொல்வது அதைத்தான். மேகத்தின் தலையை அந்த உயரக் காற்று மேற்கே இழுக்கும். மேகமோ பெரும்பாலும் நடு உயரத்துக் காற்றின் போக்கில் நகரும். ஆகவே பரமக்குடிப் பக்கம் எழுந்த ஒரு கார்திரள்மேகம், தலையை நமக்கு எதிர்த்திசையில் நீட்டியபடியே நம்மை நோக்கி வரலாம். ஆடி மாதத்தில் ஒரு மாலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது நம் பக்கம் வராது என்று நான் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் மழை வந்தது. தம்பி கோபப்படவில்லை. “அக்கா, இந்த அட்டையில நம்ம கடல் இல்ல” என்று மட்டும் சொன்னான். இந்தத் தொகுப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கடலில் இருப்பவருக்கு மேகத்தின் பெயர் தெரிந்து ஆகப்போவது குறைவு. அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பவைதான் அவருக்கு வேண்டியவை. பன்னிரண்டு அட்டைகளில், மேகத்தைப் பார்த்தே அதன் தொலைவைக் கணிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. கார்திரள்மேகத்தின் உயரம் 12 கி.மீ. வரை என்று பொதுவாக எழுதியிருக்கிறார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள நம் பகுதியில் வலுவான மேகங்கள் 16 கி.மீ. வரைகூட எழும். அந்த உயரத்திலுள்ள ஓர் உச்சி, காற்று தெளிவாக இருக்கும் நாளில், பூமியின் வளைவுக் கணக்குப்படி 400 கி.மீ.க்கு அப்பாலிருந்தும் கண்ணுக்குத் தெரியலாம். மாலையில் மண்டபம் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் பொன்னிறமாகத் தெரியும் தலைகள் பலவும் இலங்கையின் உள்நாட்டுக்கு மேல் நிற்பவை. அவற்றைப் பார்த்துப் பயந்து வலையைச் சுருட்டத் தேவையில்லை. மேகத்தின் அடியைப் பார்க்க வேண்டும். கார்திரள்மேகத்தின் கருத்த அடிப்பகுதி கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், ஏறத்தாழ 90 கி.மீ.க்கு அப்பால் அது தொடுவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். தலை மட்டும் தெரிந்தால் மேகம் தொலைவில் இருக்கிறது. அடி தெளிவாகத் தெரிந்து, அதற்கும் கடலுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் மழைத்திரையும் தெரிந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய மேகம். இதை நானே ஒரு தாளில் எழுதி, நான்காவது அட்டையின் பின்னால் ஒட்டிவைத்தேன்.

ஐந்தாவது அட்டையை எவரும் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். நான் மிகவும் விரும்பியது அதைத்தான். காலையில், நடு உயரத்தில், ஒரே அடிக்கோட்டின்மேல் வரிசையாகச் சிறு கோட்டைக் கொத்தளங்கள்போல் முளைக்கும் மேகங்களை அது காட்டுகிறது. அந்த உயரத்துக் காற்று நிலைகுலைந்திருக்கிறது, பிற்பகலில் இடி எதிர்பார்க்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். அதைக் கண்ட காலைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதிவந்தேன். எல்லா நாளும் மழை வரவில்லை என்றாலும், வந்த நாள்களில் சிலவற்றையேனும் காலையிலேயே சந்தேகிக்க முடிந்தது.

ஆறாவது அட்டை இந்தக் கரைக்கு மிக முக்கியமானது, தொகுப்பிலேயே மோசமாக எழுதப்பட்டதும் அதுதான். இடிமேகத்தின் முன்னால், கடலுக்குச் சற்று மேலே, நீண்ட கருத்த பட்டையாக முன்னேறிவரும் மேகத்துக்கு “அலமாரி மேகம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேற்றுமொழிப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு இது. படிப்பவருக்குத் துணி வைக்கும் அலமாரிதான் நினைவுக்கு வரும். எங்களுக்குள் பட்டைமேகம் என்று சொல்லிக்கொள்கிறோம். பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த மேகம் எதற்கு முன்னறிவிப்பு என்பதை ஒரே வரியில், “பலத்த காற்று வீசக்கூடும்” என்று முடித்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை.

நடப்பது இதுதான். முதிர்ந்த கார்திரள்மேகத்தில் மழை கொட்டத் தொடங்கும்போது, அதோடு சேர்ந்து குளிர்ந்த, கனத்த காற்றும் கீழே இறங்குகிறது. அது தரையிலோ கடலிலோ மோதி, கொட்டிய தண்ணீர்போல் நாலாபுறமும் பரவுகிறது. பரவும் அந்தக் குளிர்காற்றின் முன்விளிம்பு, முன்னாலுள்ள வெதுவெதுப்பான ஈரக்காற்றை மேலே தூக்குகிறது; தூக்கப்பட்ட காற்றே பட்டைமேகமாகத் தெரிகிறது. ஆகவே மழைக்கு முன்பே, சில வேளைகளில் மழையே இல்லாமல்கூட, காற்று வந்துவிடும். வடகடல் ஆழமற்றது, பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. பெண்கடல் என்று செல்லமாகச் சொல்லும் அந்த அமைதியான நீர், திடீர்க் காற்று பட்டதும் குட்டையான, செங்குத்தான, நெருக்கமான அலைகளாக எழும். ஆண்கடல் என்னும் தென்கடலின், அதாவது மன்னார் வளைகுடாவின், நீண்ட அலைகளைச் சமாளித்துப் பழகியவர்களும் வடகடலின் இந்த அலைகளில் தடுமாறுவார்கள் என்று தம்பி சொல்வான்.

ஐப்பசி முதல் வாரத்தில் ஒரு மாலை அவன் கரையிலிருந்து சற்றுத் தொலைவில் வலை போட்டிருந்தான். மேற்கே பட்டைமேகம் தெரிந்தது. அதுவரை வீசிக்கொண்டிருந்த காற்று நின்றுபோனது. அந்த அமைதியைத்தான் பலரும் நம்பி ஏமாறுகிறார்கள். “காத்து ஒரு நிமிசம் செத்துப்போச்சுக்கா. அப்புறம் குளுந்து வந்துச்சு. அப்பவே நங்கூரத்த எடுத்துட்டோம்” என்று பிறகு என்னிடம் சொன்னான். கரையேறி வத்தையைக் கட்டுவதற்கும் காற்று முழு வேகத்தில் வருவதற்கும் சரியாக இருந்தது. காற்று நிற்பது, திசை மாறுவது, திடீரெனக் குளிர்வது ஆகிய மூன்றையும் அந்த அட்டையில் எழுத நிறைய இடம் இருக்கிறது. பின்பக்கத்தில் பாதி வெறுமையாகவே கிடக்கிறது.

ஏழாவது அட்டை, விரிந்த தலையின் அடியில் பைபையாகத் தொங்கும் மேகங்களைக் காட்டுகிறது. தொகுப்பில் மிக அழகான படம் இதுவே. ஆனால் இதைக் கண்டால் டொர்னேடோ வரும் என்று எழுதியிருப்பது தவறு. அந்தப் பைகள் வலுவான இடிமேகத்தோடு சேர்ந்து தோன்றுபவைதான் என்றாலும், அவற்றிலிருந்து டொர்னேடோ இறங்குவதில்லை. பல வேளைகளில் மழை நம்மைக் கடந்துபோன பின்புதான் அவை அந்திவெயிலில் தெரியும். எங்கள் ஊரில் ஒரு மாலை அப்படித் தெரிந்தபோது, அட்டையைப் படித்திருந்த இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினார்கள். மறுநாள் வகுப்பு முழுவதையும் அதை விளக்குவதற்கே செலவிட்டேன்.

எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் டொர்னேடோவுக்கு உரியவை. சுழலும் பெருமேகம் ஒன்றின் மழையில்லாத அடிப்பகுதியிலிருந்து தாழ்ந்து தொங்கும் சுவர்மேகம், அதிலிருந்து இறங்கும் புனல் வடிவ மேகம், அது தரையைத் தொட்டபின் டொர்னேடோ என்று வரிசை சரியாக இருக்கிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் பெரிதும் மாறினால்தான் மேலெழும் காற்று முழுவதும் சுழலத் தொடங்கும் என்பதையும் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். சுவர்மேகம், உலக வானிலை அமைப்பின் மேக வகைப்பாட்டில் 2017-ல்தான் தனிப் பெயரோடு சேர்க்கப்பட்டது. அதையும் தவறாமல் குறித்திருக்கிறார்கள். ஆனால் சேதத்தின் அளவைச் சொல்ல 1971-ல் வானிலை அறிஞர் ஃபுஜிட்டா வகுத்த பழைய அளவுகோலையே அட்டவணையாகப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 2007-லிருந்தே அதன் திருத்திய வடிவம்தான் பயன்பாட்டில் உள்ளது. படங்கள் மூன்றும் அமெரிக்கச் சமவெளியில் எடுக்கப்பட்டவை. நம் துணைக்கண்டத்திலும் இது நடக்கிறது என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. வங்கதேசத்தில் 1989 ஏப்ரல் 26 அன்று வீசிய டொர்னேடோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 மார்ச் 31 அன்று, நான் இந்த அட்டைகளை வாங்குவதற்குச் சில நாள்களுக்கு முன்புதான், மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் மயினாகுரிப் பக்கம் ஒன்று வீசி உயிர்களைப் பறித்தது. கோடையில் வங்கக்கடலின் ஈரக்காற்றும் உள்நாட்டின் உலர்காற்றும் அங்கே சந்திப்பதும், உயரத்தில் வலுவான மேற்குக் காற்று ஓடுவதும் அதற்கு இடம் கொடுக்கின்றன. தமிழகக் கரையில் இந்தச் சேர்க்கை அரிது. இதை எழுதியிருந்தால் எங்கள் பிள்ளைகளின் தேவையற்ற பயம் குறைந்திருக்கும்.

இதைவிடப் பெரிய குறை, ஒன்பதாவது அட்டையிலிருந்து டொர்னேடோவைச் “சூறாவளி” என்று எழுதத் தொடங்கிவிடுவது. தலைப்பில் ஒரு சொல், உள்ளே வேறு சொல். சூறாவளி என்றால் இந்தக் கரையில் எவரும் புயலைத்தான் நினைப்பார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலைப் பற்றி வீட்டுக்கு வீடு ஒரு நினைவு இருக்கும் ஊர்கள் இவை. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழல்வது, கடலில் நாள்கணக்கில் வளர்வது. அது நெருங்குவதற்கு முன்பே பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிடும். டொர்னேடோ ஒற்றை மேகத்தின் அடியில் பிறப்பது, பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலமே உள்ளது, பல வேளைகளில் சில நிமிடங்களில் முடிந்துபோவது. புயலின் வெளிவளையத்து மழைமேகங்களில் டொர்னேடோ பிறப்பதுண்டு என்றாலும், இரண்டும் ஒன்றல்ல. “சூறாவளி சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும்” என்று பத்தாவது அட்டையில் எழுதியிருப்பதை, புயலுக்குப் பழகிய ஒருவர் அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதை வெளியீட்டாளர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

டொர்னேடோவுக்கு மூன்று அட்டைகள் ஒதுக்கியவர்கள், கடலில் இறங்கும் நீர்த்தூணுக்கு ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. என் பெரியப்பா இளவயதில் பாம்பனுக்கு வடக்கே அப்படி ஒன்றைப் பார்த்தவர். “கடல்ல தூண் இறங்குச்சு தாயி, இடியும் இல்ல மின்னலும் இல்ல” என்று இப்போதும் சொல்வார். அவர் சொல்வது அறிவியலோடு பொருந்துகிறது. நீர்த்தூண்களில் பெரும்பாலானவை சுழலும் பெருமேகங்களில் பிறப்பவை அல்ல. வெதுவெதுப்பான கடலின்மேல், இலேசான காற்றுகள் இரண்டு திசைகளிலிருந்து வந்து முட்டும் கோட்டில், நீர்மட்டத்தில் ஏற்கனவே இருக்கும் சிறு சுழற்சியை, மேலே வளரும் கோபுரத் திரள்மேகம் இழுத்து நீட்டுகிறது. அதாவது இரண்டாவது அட்டையில் காட்டிய, இன்னும் இடிமேகமாக முதிராத மேகமே அதற்குப் போதும். தூணாகத் தெரிவது கடலிலிருந்து உறிஞ்சிய தண்ணீர் அல்ல, சுழலுக்குள் காற்றின் அழுத்தம் குறைந்து குளிர்ந்ததால் உருவான மேகத்துளிகள். அடியில் வளையமாகச் சிதறும் திவலைதான் கடல்நீர். தூண் முழுவதும் தெரிவதற்கு முன்பே நீரில் கருத்த வட்டம் ஒன்று தோன்றும். அதைக் கண்டவர் அது நகரும் திசைக்குக் குறுக்காக விலகிப்போக வேண்டும். அதோடு போட்டி போட்டு முன்னால் ஓடக் கூடாது. இரண்டு கடல்களுக்கு நடுவே ஒடுங்கிய நிலமாக நீளும் மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் விற்கும் தொகுப்பில் இது இல்லாதது எனக்குப் பெரிய வருத்தம்.

பதினோராவது அட்டையின் எண் பிழையைச் சொல்லிவிட்டேன். அதன் மற்ற அறிவுரைகள், திறந்தவெளியில் நிற்காதீர்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள் என்று பொதுப்படையாக இருக்கின்றன. அவை சரியானவையே, ஆனால் இங்கே ஒதுங்குவதற்கு இருப்பவை தனிப்பனையும் ஓலைக் கொட்டகையும்தான். ஓலைக் கொட்டகை மழையைத் தடுக்குமே தவிர மின்னலைத் தடுக்காது என்றும், காங்கிரீட் கட்டடமோ, கதவு சன்னல்களை மூடிய, இரும்புக் கூரையுள்ள பேருந்தோ வேனோ பாதுகாப்பு என்றும் எழுதியிருக்க வேண்டும். தீவுகளைச் சுற்றி இடுப்பளவு நீரில் நின்று பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு வரி வேண்டும். மின்னல் நாளில் அவர்களைவிட ஆபத்தான இடத்தில் நிற்பவர்கள் இந்த மாவட்டத்தில் குறைவு. இயந்திரம் ஓடும் படகில் இடி காதில் விழாது, ஆகவே அவ்வப்போது இயந்திரத்தை நிறுத்திக் கேட்க வேண்டும் என்பதும், கடைசி இடி கேட்டபின் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதில் இல்லை.

பன்னிரண்டாவது அட்டை வரலாறு. 1802-ல் லண்டன் மருந்து வணிகர் லூக் ஹோவர்ட் மேகங்களுக்குப் பெயரிட்டது பற்றிய குறிப்பு சுருக்கமாக இருக்கிறது. கொண்மூ, எழிலி, கார், மங்குல், முகில் என்று நம்மிடம் முன்பே இருந்த சொற்களுக்கும் ஒரு பத்தி கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த அட்டைகளை எடுத்து வைத்துவிடுவது நல்லது என்பதை 2024 நவம்பர் 20 அன்று தெரிந்துகொண்டேன். அன்று இராமேசுவரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை பெய்தது; தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் எங்கும் தெருக்கள் நீரில் நின்றன. அவ்வளவு மழையைக் கொட்டிய கார்திரள்மேகங்களின் கோபுரத்தையோ விரிந்த தலையையோ தரையிலிருந்து ஒருவராலும் பார்த்திருக்க முடியாது. வானம் முழுவதும் ஒரே சாம்பல் மூட்டம். அந்த மூட்டத்துக்குள் அவை ஒளிந்து நின்றன. அட்டையில் இருப்பவை எல்லாம் நீல வானத்தில் தனித்து நிற்கும் மேகங்கள். அந்த மாதங்களில் வானிலை ஆய்வு மையத்தின் சில மணி நேர முன்னறிவிப்பையும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலியையும்தான் நான் பார்க்கிறேன். செயலி, நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி மின்னல் விழுவதைக் காட்டும். கரையைவிட்டு விலகினால் கைப்பேசிக்குச் சிக்னல் குறைந்துபோகும் என்பதால் கடலில் அதை முழுக்க நம்பியிருக்க முடியாது. அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும், அந்தக் கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பதில் முதல் ஆறு அட்டைகளுக்கு இடம் உண்டு.

பொருளின் தரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வகுப்பில் வைத்திருந்த தொகுப்பு ஓராண்டுக்குப் பிறகும் புதிதுபோல் இருக்கிறது. வத்தையில் இருந்த தொகுப்பின் இரும்பு வளையம் இரண்டே மாதத்தில் துருப்பிடித்து, துளையைச் சுற்றிப் பழுப்புக் கறை இறங்கியது. ஐந்தாவது மாதத்தில் படலம் ஓரம் பிரிந்து உள்ளே உப்புநீர் போனது. வளையத்தைக் கழற்றிவிட்டு நைலான் கயிற்றில் கோத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தபின் மற்ற அட்டைகள் தப்பின. எழுத்தின் அளவு போதுமானது; என் பெரியப்பா கண்ணாடி இல்லாமலே தலைப்புகளைப் படித்தார்.

ஆசிரியர்கள் இதைத் தயங்காமல் வாங்கலாம். முதல் ஐந்து அட்டைகள் மட்டுமே 280 ரூபாய்க்குத் தகும். படகில் வைக்க விரும்புகிறவர்கள், நான் மேலே சொன்ன திருத்தங்களை எழுதி ஒட்டிய பிறகே கொண்டுபோக வேண்டும். தம்பி இப்போது மூன்றாவதையும் ஆறாவதையும், திருத்திய பதினோராவதையும் மட்டும் வத்தையில் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பள்ளிக்கே கொடுத்துவிட்டான். அந்த மூன்றை மட்டும் தனியாகக் கேட்டுப் பக்கத்து வத்தைக்காரர்கள் இருவர் கடைக்குப் போனார்கள். உதிரியாக விற்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.